வணிக நிர்வாக மேற்படிப்பு: திருவனந்தபுரத்தில் சேர்க்கையும் பதிவும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினர் ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பெண் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். எம்.பி.ஏ. வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?" என்பதே அது. இடம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் மகிழ்வது இயல்பே. ஆயினும், பல்கலைக்கழகத்தைப் பொறுத்தமட்டில் அந்தப் பெண் இன்னும் அதன் மாணவியாகிவிடவில்லை. நுழைவுத் தேர்வு ஒரு படி. சேர்க்கை அடுத்த படி. பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் ஏறுவது அதற்கும் அப்பாற்பட்ட படி. இம்மூன்றும் ஒன்றே எனக் கருதியிருந்து ஓராண்டை இழந்தவர்களை நாம் அறிவோம். நம்முடைய நண்பர் ஒருவரின் தங்கை மகன், வகுப்புகளுக்கு மூன்று மாதம் தவறாமல் சென்ற பின்னர், ஒரு தாள் வந்து சேராத காரணத்தால் முதற்பருவத் தேர்வு எழுத இயலாமற்போனான். அந்தத் தாள் இன்னதென்று வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே, திருவனந்தபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வேறு மாநிலத்துப் பட்டதாரி ஒருவர் வணிக நிர்வாக மேற்படிப்பில் சேரும் வழியை இங்கே விளக்க முற்படுகின்றோம். பம்பாயிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழ்பவர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

வணிகத்தை வகுப்பறையில் கற்பிக்க இயலுமா என்று பலர் ஐயுற்ற காலமும் இருந்தது. அமெரிக்க நாட்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-இல் இதற்கெனத் தனிப்பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1953-இல் கல்கத்தாவில் ஒரு கல்வி நிலையம் எழுந்தது. பின்னர் 1961-இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. கேரளமும் பிந்திவிடவில்லை. கேரளப் பல்கலைக்கழகம் 1964-இலேயே கொச்சியில் மேலாண்மைக் கல்வித் துறையைத் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அத்துறை அதனுடன் சென்றுவிட்டது.

இன்று திருவனந்தபுரத்தில் எம்.பி.ஏ. படிக்க விழைபவர் முதற்கண் கேட்டறிய வேண்டுவது, தாம் சேரும் வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது என்பதாகும். நகரின் வடபால், டெக்னோபார்க்குக்கு அண்மையில் உள்ள காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையான இன்ஸ்டிடியூட் ஆஃப் மானேஜ்மெண்ட் இன் கேரளா நடைபெறுகிறது. அப்பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் மேலாண்மை நிலையங்களும், அதனுடன் இணைக்கப்பெற்ற தனியார் கல்லூரிகளும் வேறு உள்ளன. காரியவட்டம் செல்லும் வழியில் ஸ்ரீகாரியத்தில் உள்ள, 1939-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசினர் பொறியியற் கல்லூரியிலும் எம்.பி.ஏ. உண்டு. அதற்குப் பட்டம் அளிப்பதோ 2014-இல் நிறுவப்பெற்ற ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஒரே சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டிற்கும் வெவ்வேறு விதிகள், வெவ்வேறு நாட்காட்டிகள். இவற்றையன்றி, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஏற்புடன் பி.ஜி.டி.எம். என்னும் மேற்பட்டயம் அளிக்கும் நிறுவனங்களும் நாட்டில் பல உள. பட்டயம் பட்டமாகாது, எனினும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எம்.பி.ஏ.வுக்கு நிகரென ஒப்புக்கொண்ட மேற்பட்டயங்கள் உண்டு. பின்னாளில் முனைவர் பட்டத்திற்கோ அரசுப் பணிக்கோ செல்ல நினைப்பவர் அந்த ஒப்புதல் உள்ளதா என்பதைச் சேர்வதற்கு முன்னரே கேட்டுவிடுதல் நலம்.

தகுதி பற்றிய பொதுவிதி எளியது. குறைந்தது மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். கலை, அறிவியல், வணிகவியல், பொறியியல் என எப்பாடத்தில் பட்டம் பெற்றிருப்பினும் தடையில்லை. நுழைவுத் தேர்வுகளில் மூன்று இங்கே கருதத்தக்கவை. இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் கேட் ஒன்று. தேசியத் தேர்வு முகமை நடத்தும் சி-மாட் மற்றொன்று. கேரள அரசின் நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் கே-மாட் மூன்றாவது. கே-மாட் தேர்வில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. தேர்வைப் பற்றிச் சொல்லித்தரப் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதற்குப் பின்வரும் தாள்களைப் பற்றிச் சொல்லித்தருவோரே அரியர். எனவே அவற்றிற்கே வருவோம்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர் கொணர வேண்டிய சான்றிதழ்களுள் நான்கு பெயர்கள் பெருங்குழப்பம் விளைவிக்கின்றன. மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ், இணைச் சான்றிதழ் என நாம் அவற்றைத் தமிழில் எழுதுகின்றோம். மக்கள் வழக்கில் அவை டி.சி., மைக்ரேஷன், எலிஜிபிலிட்டி, ஈக்விவலன்ஸி. டி.சி. என்பது தாம் இறுதியாகப் படித்த கல்லூரி, 'இவர் எம்மை விட்டு நீங்கினார்' என்று தருவது. மைக்ரேஷன் என்பது அக்கல்லூரி சார்ந்திருந்த பல்கலைக்கழகம், 'இவர் வேறு பல்கலைக்கழகத்திற் சேர்வதில் எமக்குத் தடையில்லை' என்று தருவது. இவ்விரண்டும் விட்டுவரும் இடத்தில் பெறுபவை. எலிஜிபிலிட்டி என்பது சேரப்போகும் பல்கலைக்கழகம், 'இவர் பெற்ற பட்டம் எமது இன்ன வகுப்பில் சேரப் போதுமானது' என்று தருவது. ஈக்விவலன்ஸி என்பதும் சேருமிடத்திற் பெறுவதே. அது குறிப்பிட்ட பட்டமொன்று தம்முடைய பட்டத்திற்கு நிகரானது என்று கூறுவது. பெரும்பாலோர்க்கு எலிஜிபிலிட்டியே போதும். பாடப்பெயர் புதுமையாக இருப்பின், அல்லது தொலைநிலைக் கல்வியிற் பெற்ற பட்டமாயின், நிகர்மை பற்றிய வினா எழக்கூடும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு செய்தியைக் கூறாமற்போக மனமில்லை. திருவனந்தபுரத்து அலுவலகங்களில் மலையாளத்தில் பேசுவர். தமிழருக்கு அது பெரும்பாலும் விளங்கும், விளங்குவதுதான் தொல்லை. மலையாளத்தில் 'யோக்யத' என்றால் படிப்புத் தகுதி. "யோக்யத இல்ல" என்று எழுத்தர் சொல்ல, யோக்கியதை இல்லாதவன் என்று தம் மகனை இகழ்ந்ததாக எண்ணி முகஞ்சிவந்த தந்தை ஒருவரை நாமே அமைதிப்படுத்தியிருக்கின்றோம். 'துல்யத' என்றால் நிகர்மை. நமக்கோ துல்லியம் என்பது நுட்பமான சரிமை. 'விஜ்ஞாபனம்' என்பது அங்கே அரசோ பல்கலைக்கழகமோ வெளியிடும் அறிவிப்பு. அதே வடசொல்லிலிருந்து வந்த 'விண்ணப்பம்' நம்மிடத்தில் குடிமகன் அலுவலகத்திற்கு எழுதுவது. ஒரே சொல் அங்கே மேலிருந்து கீழும், இங்கே கீழிருந்து மேலும் செல்கிறது! டி.சி.யை மலையாளத்தில் 'விடுதல் சர்ட்டிபிக்கற்று' என்பர். அது மட்டும் நமக்கு அப்படியே புரியும்.

ஒரு பல்கலைக்கழகத்துப் பட்டதாரியை மற்றொன்று அயலாராகக் கருதிச் சான்று கேட்பது ஏன் என்று சிலர் வினவுவர். திருவனந்தபுரத்தைப் பொறுத்தமட்டில் இவ்வினாவிற்கு ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-இல் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர், திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர். அக்காலத்தில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூரிலேயே இருந்தன. நாகர்கோவிலில் 1952-இல் தொடங்கப்பெற்ற தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி அப்பல்கலைக்கழகத்துடனேயே இணைந்திருந்தது. நாகர்கோவில் மாணவனுக்குப் பாளையத்துச் செனட் மாளிகை சொந்த வீடு. 1956 நவம்பர் முதல் நாள் அந்நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மறு ஆண்டு, 1957-இல், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிற்று. நாகர்கோவிற் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கும், 1966-க்குப் பின் மதுரைக்கும் சென்று, 1990-இல் திருநெல்வேலியில் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வந்து நின்றன. அந்தச் சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கியவர். அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தின் பட்டதாரி, அவர் வாழ்ந்து பாடஞ்சொன்ன நகரில் படிக்க வருங்கால், எலிஜிபிலிட்டி கொண்டு வா எனப்படுகிறார். சட்டத்தின்படி இது முறையே. பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டத்தால் அமைந்தது, தன் பட்டத்திற்குத் தானே பொறுப்பாவது. ஆயினும் எழுபது கிலோமீட்டர் தொலைவை ஒரு தாள் எவ்வளவு நீட்டிவிடக்கூடும் என்பதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. அது தலையெழுத்து, நெற்றியில் உள்ளதைச் சொல்லவில்லை, பெயரின் முன்னுள்ள இனிஷியலைச் சொல்கின்றோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஆர். செல்வி' என்றிருக்கும். ஆதார் அட்டையில் 'செல்வி ராமசாமி' என்றிருக்கும். வடநாட்டில் படித்தவளாயின், குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்புவதற்காகப் பட்டச் சான்றிதழில் 'ராமசாமி செல்வி' என்று தந்தை பெயர் மகளுக்கு முன்னே சென்று அமர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் 'செல்வி ஆர்.' இம்மூவரும் நால்வரும் ஒருத்தியே என்பது நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. பல்கலைக்கழகப் பதிவு பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே ஆதாரமாகக் கொள்ளும். ஆகவே விண்ணப்பத்தின் முதல் நாளன்றே அப்பெயரை எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி, அவ்வாறே எழுத வேண்டும். முன்னரே வேறுபாடு நேர்ந்திருப்பின், கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் த சேம்' என்னும் சான்று பெறும் வழக்கம் உள்ளது. இருவேறு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று அது கூறும். தமிழ்நாட்டில் பெயரையே மாற்றிக்கொள்ள விரும்புவோர் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். சேர்க்கைக்கு இரண்டு நாள் இருக்கையில் இதைத் தொடங்கினால் முடிவுபெறாது. இக்காலத்தில் மாணவர் தம் பாடப்புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடாக, பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதித்த புள்ளி வங்கியிலும் கணக்குத் திறக்கச் சொல்கின்றனர். அதிலும் பெயர் ஆதாருடன் ஒத்திருத்தல் வேண்டும்.

அடுத்து நாம் கூறப்போவது பலருக்கு உவப்பாக இராது, ஆயினும் மறைப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு கேரள மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்க இயலாது. அட்டவணைச் சாதிகளும் பழங்குடிகளும் அரசியல் சட்டத்தின் 341, 342-ஆம் பிரிவுகளின்படி மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்பெற்றவர்கள். ஆந்திரத்தில் பழங்குடியாக ஏற்கப்பெற்ற வகுப்பிற் பிறந்து, தந்தையின் வேலையின் பொருட்டுச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து, அங்கேயே வளர்ந்த மாணவர் ஒருவர், மராட்டிய மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அது அறியப்படும். குடிபெயர்ந்த மாநிலத்தில் அச்சலுகை கிடையாது என்று 1990-இல் தீர்ப்பாயிற்று. 2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயமும் இக்கொள்கையை உறுதிசெய்தது. ஒரு வகுப்பார் ஓரிடத்தில் பட்ட இன்னல் வேறிடத்திலும் அவ்வாறே இருந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. வயிற்றுப்பாட்டுக்காக ஊர்விட்டு வந்த உழைப்பாளியின் மகனுக்கு, எல்லையைத் தாண்டியவுடன் அவ்வின்னல் தீர்ந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. நீதிமன்றம் சட்டத்தைப் பார்த்தது. நாம் அக்குடும்பத்தைப் பார்க்கின்றோம்.

ஆனால் வழிகள் முற்றும் அடைபட்டுவிடவில்லை. கோழிக்கோட்டிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம் போன்ற மைய அரசின் நிறுவனங்களில் இடவொதுக்கீடு அகில இந்திய அளவிலானது. அங்கே தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். பிற்பட்ட வகுப்பினராயின் மைய அரசின் பட்டியலில் தம் வகுப்பு இருத்தல் வேண்டும். சான்றிதழும் மைய அரசின் படிவத்தில் இருத்தல் வேண்டும். மேலும், அட்டவணை வகுப்பு மாணவர்க்குரிய மேற்படிப்பு உதவித்தொகையை வழங்கும் பொறுப்பு, மாணவர் நிலையாகச் சேர்ந்த மாநிலத்தைச் சார்ந்தது. படிக்கும் மாநிலத்தைச் சார்ந்ததன்று. எனவே தமிழ்நாட்டு மாணவர் காரியவட்டத்தில் படித்தாலும் தமிழ்நாட்டு அரசிடமே அதனைக் கோர வேண்டும். இதை அறியாமல் கேரள அலுவலகத்தில் விண்ணப்பித்து, 'இயலாது' என்ற விடை பெற்று, உதவியே இல்லையென்று முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கிச் செலுத்தியவர்கள் உண்டு.

கட்டணம் என்றதும் நினைவுக்கு வருவது மூலச் சான்றிதழ்கள். சேர்க்கையின்போது எல்லா மூலச் சான்றிதழ்களையும் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மாணவர் விலக விரும்பினால் முழு இரண்டாண்டுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லும் வழக்கம் சில தனியார் நிறுவனங்களிடம் இருந்ததுண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இதற்கு இடந்தரவில்லை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்து அப்போதே திருப்பித் தருதல் வேண்டும். சான்றொப்பமிட்ட நகல்களையே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்திற்கோ ஓராண்டிற்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்னதாகக் கேட்கலாம். விலகுவோர்க்குத் திருப்பித் தரவேண்டிய தொகையையும் அவ்வறிவிப்பு வரையறுத்தது. அறிவிக்கப்பெற்ற கடைசிச் சேர்க்கை நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத்தொகை, அதில் நடைமுறைச் செலவாக நூற்றுக்கு 5, மிகுந்தது 5,000 ரூபாய் கழியலாம். பதினைந்து நாளுக்குள் என்றால் நூற்றுக்கு 90. கடைசி நாள் கடந்து பதினைந்து நாள் வரை 80; முப்பது நாள் வரை 50; அதன் பின் ஒன்றுமில்லை. இடையிடையே மாணவர்க்கு இன்னும் சாதகமான தனி அறிவிப்புகளை மானியக் குழு வெளியிட்டதும் உண்டு. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. விலகல் கடிதம் எழுத்தில் இருத்தல் வேண்டும். நாளிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் வாங்கிவைத்தல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதற்குத் தேதி கிடையாது.

வகுப்பில் அமர்ந்துவிட்டோம் என்றவுடன் பதிவுகள் முடிந்துவிடுவதில்லை. எம்.பி.ஏ. இரண்டாண்டு, நான்கு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் தேர்வுக்குத் தனியே பதிவு செய்து கட்டணம் செலுத்துதல் வேண்டும். கடைசி நாள் தவறினால் தண்டக் கட்டணத்துடன் மற்றொரு நாள் தருவர். அதுவும் தவறினால் பருவம் போயிற்று. வருகை நூற்றுக்கு 75 இருத்தல் வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்வோர் இதைக் கருத்திற் கொள்க. கேரளத்தில் பத்து நாள் விடுமுறை ஓணத்திற்கே அன்றிப் பொங்கலுக்கன்று! உடல்நலமின்மை போன்ற தக்க காரணமிருப்பின், குறைந்த வருகையைப் பொறுத்தருள விதி இடந்தருகிறது. அதற்கு மருத்துவச் சான்றும், துறைத்தலைவர் அல்லது முதல்வரின் பரிந்துரையும், சிறு கட்டணமும் வேண்டும். படிப்புக்காலம் முழுவதிலும் இத்தனை முறைதான் என்ற வரம்பும் உண்டு. மேலே நாம் குறிப்பிட்ட எலிஜிபிலிட்டியும் மைக்ரேஷனும் வந்து சேராதிருந்தால், முதற்பருவத் தேர்வுப் பதிவின்போதுதான் அது வெளிப்படும். கல்லூரி அலுவலகம் அதுவரை பொறுத்திருக்கும், பல்கலைக்கழகம் பொறுக்காது. ஆதலின் பட்டத் தேர்வின் முடிவு வெளிவந்த அன்றே மைக்ரேஷனுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இடம் உறுதியாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை; பெற்றுவிட்டுப் பயன்படாது போயினும் இழப்பது சிறு கட்டணமே.

இரண்டாண்டு முடிந்து வேலை கிடைத்து ஊர் திரும்புவோர் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலையும் தற்காலிகச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். பட்டச் சான்றிதழ் தானாக வீட்டிற்கு வராது. அதற்குத் தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். கூடவே, கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மைக்ரேஷனும் கேட்டு வாங்கிக்கொள்க. மதுரையிலோ சென்னையிலோ முனைவர் படிப்பில் சேரச் சென்றால், இப்போது அங்கே அயலார் நீங்கள்தாம்.